முக்திநாத்தின் கூதிர்கால வானிலை: சிங்கப்பூரிலிருந்து முதன்முறை போவோருக்கு

தமிழ்நாட்டில் ஐப்பசி என்றால் அடைமழை, கார்த்திகை என்றால் கனமழை. சிங்கப்பூரிலும் அந்த நாட்களில் குடை இல்லாமல் வீட்டைவிட்டு இறங்க முடியாது. அதே இரண்டு மாதங்களில்தான் நேப்பாள மலைகளில் வானம் கழுவித் துடைத்ததுபோல் தெளிந்து கிடக்கும். நம் பழைய பகுப்பில் கூதிர் என்று சொல்லும் இந்தப் பருவம், திருமங்கையாழ்வார் மங்களாசாசனம் செய்த சாளக்கிராமத்துக்கு, அதாவது முக்திநாத்துக்கு, போவதற்கு ஆண்டிலேயே நல்ல பருவம்.

ஆனால் இந்தத் தெளிவை நம்பி மட்டும் கிளம்பக்கூடாது. நேப்பாளத்தின் ஆண்டு மழையில் சுமார் 80 விழுக்காடு ஜூன் முதல் செப்டம்பர் வரை கொட்டித் தீர்ந்துவிடுகிறது. பருவமழைக்குப் பிந்தைய அக்டோபர், நவம்பர் மாதங்களுக்கு மிஞ்சுவது ஏறக்குறைய 4 விழுக்காடுதான். அந்தச் சொற்ப மழையும் நாளுக்கு நாள் தூறலாகப் பிரிந்து வருவதில்லை. இரண்டு மூன்று நாளில் மொத்தமாக இறங்கிவிட்டுப் போகிறது. ஐம்பது நாள் வெயிலுக்கு நடுவில் வரும் அந்த இரண்டு மூன்று நாளை முன்கூட்டியே கண்டுபிடிப்பதும், அகப்பட்டால் அசையாமல் காத்திருக்கத் தேவையான நாட்களைக் கையில் வைத்திருப்பதும்தான் இந்தப் பயணத்தின் வானிலைப் பாடம் முழுவதும்.

எந்த மாதத்தில் போவது

பெருமாளுக்கு உகந்தது புரட்டாசி என்பதால் சிராங்கூன் சாலை ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலுக்குப் போகும் பலருக்கும் முக்திநாத் யாத்திரையைப் புரட்டாசியிலேயே முடிக்க வேண்டும் என்று ஆசை இருக்கும். வானிலை அதற்கு இசைவாக இல்லை. நேப்பாளத்திலிருந்து பருவமழை விலகும் இயல்பான நாள் அக்டோபர் 2. புரட்டாசி தொடங்குவதோ செப்டம்பர் 17 வாக்கில். அதாவது முதல் பாதிப் புரட்டாசி மழைக்காலத்தின் வால். வால்தானே என்று அலட்சியம் செய்ய முடியாது: 2024ஆம் ஆண்டு செப்டம்பர் 26 முதல் 28 வரை பெய்த மழையில் காத்மாண்டுப் பள்ளத்தாக்கும் அதைச் சுற்றிய சாலைகளும் மூழ்கி, நாடு முழுவதும் 240க்கு மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். புரட்டாசியில்தான் போவது என்று தீர்மானித்திருந்தால் கடைசி வாரத்தை, அதாவது அக்டோபர் 10க்குப் பிறகு வரும் நாட்களை, எடுத்துக்கொள்ளுங்கள்.

ஐப்பசி மிக நல்ல மாதம். பகலில் இதமான வெயில், மலைகள் தெளிவாகத் தெரியும், இரவுக் குளிரும் தாங்கக்கூடியது. ஒரு சிக்கல் உண்டு. நம் தீபாவளியை ஒட்டி வரும் திஹார் பண்டிகையும், சில ஆண்டுகளில் தசைன் பண்டிகையும் நேப்பாளத்தில் இந்தக் காலத்தில்தான். உள்ளூர் மக்கள் ஊருக்குப் போவார்கள். ஜீப்பும் விமான இருக்கையும் கிடைப்பது கடினம். வானிலை கெட்டு ஒரு நாள் தள்ளிப்போட்டால் மறுநாளுக்கு வண்டி கிடைக்காமல் போவது அப்போதுதான்.

கார்த்திகை, பிள்ளைகளின் ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறையோடு ஒத்துவரும் மாதம். மழை வாய்ப்பு மிகக் குறைவு. ஆனால் குளிர் ஏறிவிடும். நவம்பர் பிற்பாதியில் முக்திநாத்தில் இரவு வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே இறங்குவது வழக்கம். சிங்கப்பூரில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே 19 டிகிரிதான் (1989 பிப்ரவரி 14, பாய லேபார்) என்பதை நினைவில் வைத்தால், பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் இந்தக் குளிர் எவ்வளவு புதியது என்பது புரியும். மார்கழிக்கு மேல் தள்ள வேண்டாம். மேற்கிலிருந்து வரும் குளிர்காலத் தாழ்வுகள் அப்போது பனியைக் கொண்டுவரத் தொடங்கும்.

பருவகால முன்னறிவிப்பை எவ்வளவு நம்பலாம்

பயணத்துக்கு ஒரு மாதம் முன்பு, "இந்த முறை இயல்புக்கு மேல் மழைக்கு 45 விழுக்காடு வாய்ப்பு" என்பதுபோல ஒரு செய்தி கண்ணில் படும். இதைச் சரியாகப் படிக்க வேண்டும். கடந்த ஆண்டுகளின் மழை அளவை வரிசைப்படுத்தி, குறைவு, இயல்பு, அதிகம் என்று மூன்று சம பங்காகப் பிரிக்கிறார்கள். எந்தத் தகவலும் இல்லாவிட்டால் ஒவ்வொரு பங்குக்கும் 33 விழுக்காடு. அது 45 ஆகியிருக்கிறது என்றால் தராசு கொஞ்சம் சாய்ந்திருக்கிறது, அவ்வளவே. மீதி 55 விழுக்காடு இயல்புக்கும் குறைவுக்கும் இருக்கிறது.

அதைவிட முக்கியமான ஒன்று: இந்தப் பருவத்தில் "இயல்பு" என்பதே மிகச் சிறிய அளவு. ஒரே ஒரு தாழ்வு மண்டலம் இரண்டு நாள் பெய்துவிட்டால் அந்த மாதமே "இயல்புக்கு மேல்" என்று கணக்காகிவிடும். மீதி 28 நாளும் பளிச்சென்று இருந்திருக்கலாம். ஆகவே பருவகால முன்னறிவிப்பைப் பார்த்துப் பயணத்தை ரத்து செய்யவும் வேண்டாம், நிம்மதியாக உட்காரவும் வேண்டாம். இடையில் சேர்க்கும் உபரி நாள் ஒன்றா இரண்டா என்று முடிவு செய்ய மட்டும் அது உதவும்.

பத்து நாளுக்கு முன்பிருந்து வங்கக் கடலைப் பாருங்கள்

இதுதான் முதன்மையான வேலை. நேப்பாளத்துக்கு மேலே இந்தப் பருவத்தில் வீசுவது மேற்கிலிருந்து வரும் உலர்ந்த காற்று. அதில் ஈரம் இல்லை. ஈரம் வர வேண்டுமானால் ஒரே பெரிய வழி வங்கக் கடல். அங்கே புயல் உருவாகும் உச்சக் காலமும் அக்டோபர், நவம்பர்தான். மலைக்குப் போகிறவர் மலையைப் பார்ப்பதற்கு முன் கடலைப் பார்க்க வேண்டியிருப்பது இதனால்.

2014ஆம் ஆண்டு அக்டோபர் 12ஆம் தேதி ஹுட்ஹுட் புயல் விசாகப்பட்டினத்தில் கரையைக் கடந்தது. தொலைக்காட்சிகள் புயல் வலுவிழந்தது என்று சொல்லிவிட்டு வேறு செய்திக்குப் போயின. மிச்சமிருந்த ஈரம் வடக்கே நகர்ந்தது, மேற்கிலிருந்து வந்த ஒரு தாழ்வோடு சேர்ந்தது. அக்டோபர் 14ஆம் தேதி, ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர் வடக்கே, முக்திநாத்துக்கு நேர் மேலே உள்ள தோரோங் கணவாயிலும் சுற்று மலைகளிலும் பெரும் பனிப்புயல். குறைந்தது 43 பேர் இறந்தார்கள். கடற்கரையிலிருந்து மலைக்கு அந்த ஈரம் ஏறிவர இரண்டு நாள் ஆயிற்று. அந்த இரண்டு நாள்தான் நமக்குக் கிடைக்கும் எச்சரிக்கை.

பெயர் சூட்டப்பட்ட புயலாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. 2021ஆம் ஆண்டு பருவமழை விலகிவிட்டதாக அறிவித்த பின்னர், அக்டோபர் 17 முதல் 20 வரை நேப்பாளத்தில் பெய்த மழையில் நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள், அறுவடைக்கு நின்ற நெல் நீரில் சாய்ந்தது. அதற்குப் பின்னால் பெயர் வைக்கும் அளவுக்கு வளர்ந்த புயல் எதுவும் இல்லை.

பார்க்கும் முறை இது. விண்டி போன்ற ஒரு செயலியில் வங்கக் கடலைத் திரையில் கொண்டுவந்து, காற்று அல்லது காற்றழுத்தப் படலத்தைத் தேர்ந்தெடுங்கள். நாட்களை ஐந்திலிருந்து பத்து வரை நகர்த்துங்கள். வட்டமாக மூடிய கோடுகளோ சுழலும் காற்றோ தெரிகிறதா என்று பாருங்கள். கணினியில் வானிலையைக் கணிக்கும் மாதிரிகளில் ஐரோப்பிய மாதிரி ஒன்று, ஜிஎஃப்எஸ் எனும் அமெரிக்க மாதிரி ஒன்று, இரண்டையும் மாற்றிப் பார்க்க வேண்டும். ஒரு மாதிரியில் மட்டும், ஒரு நாள் மட்டும் தெரியும் சுழலுக்குப் பதற வேண்டாம். பத்தாம் நாள் படத்தில் புயல் முளைப்பதும் மறைவதும் சகஜம். இரண்டு மாதிரியும் ஏறக்குறைய ஒரே இடத்தில், ஒரே நாளில், மூன்று நாள் தொடர்ந்து காட்டினால் அது நம்பத்தக்கது.

எந்த நேரத்தில் பார்ப்பது என்பதும் முக்கியம். இந்த மாதிரிகள் உலக நேரப்படி இயங்குகின்றன. 00 மணிக் கணிப்பு என்பது சிங்கப்பூரில் காலை 8 மணி, நேப்பாளத்தில் காலை 5.45. கணக்கிட்டு முடிந்து செயலிக்கு வந்து சேர மதியம் ஆகிவிடும். ஆகவே தினமும் சிங்கப்பூர் நேரப்படி மாலை 4 மணிக்கு ஒரு முறை பாருங்கள். மணிக்கு ஒரு தடவை பார்ப்பதால் தகவல் கூடாது, கலக்கம்தான் கூடும்.

சுழல் உறுதியாகத் தெரிந்தபின் கேட்க வேண்டியது, அது எங்கே கரையேறும் என்பது. தமிழ்நாட்டுக் கரையிலோ தெற்கு ஆந்திரத்திலோ ஏறினால், பெரும்பாலும் மேற்கு நோக்கிப் போய்த் தேய்ந்துவிடும் அல்லது அரபிக் கடலுக்குள் இறங்கும். சென்னைச் சொந்தங்களுக்குக் கவலை, முக்திநாத்துக்குப் பெரும்பாலும் இல்லை. விசாகப்பட்டினத்துக்கு வடக்கே, ஒடிசா, வங்காளம் பக்கம் ஏறி வடக்கே திரும்பினால் கவனம் தேவை. அப்போது படத்தை 500 ஹெக்டோபாஸ்கல் (காற்றழுத்த அலகு) உயரத்துக்கு, அதாவது தரைக்கு வெகு மேலே வீசும் காற்றுக்கு, மாற்றி, பாகிஸ்தான், காஷ்மீர் பக்கமிருந்து கோடுகள் தெற்கே தொங்கும் ஒரு பள்ளமான அலை கிழக்கே வருகிறதா என்று பாருங்கள். இரண்டும் ஒரே நாளில் நேப்பாளத்தை நெருங்கினால் மலையில் கனத்த பனி நிச்சயம் என்றே வைத்துக்கொண்டு திட்டத்தை மாற்றுங்கள்.

இந்திய வானிலை ஆய்வு மையத்தின் அறிக்கையில் வரும் சொற்களுக்கு அளவு உண்டு. மணிக்கு 31 முதல் 49 கிலோமீட்டர் காற்று இருந்தால் தாழ்வு மண்டலம், 50 முதல் 61 ஆழ்ந்த தாழ்வு மண்டலம், 62க்கு மேல் புயல். இவை காற்றின் வேகத்தைச் சொல்கின்றன, ஈரத்தைச் சொல்லவில்லை. "புயல் வலுவிழந்து தாழ்வு மண்டலமானது" என்ற செய்தி கடற்கரைக்காரருக்கு ஆறுதல். மலைக்காரருக்கு அந்தச் செய்தியில்தான் கவனம் தொடங்க வேண்டும். பலரும் தவறுவது இந்த இடத்தில்.

ஐந்து நாளுக்குள்: உயரத்தைப் பார்த்து எண்ணைத் திருத்துங்கள்

கைப்பேசியோடு வரும் வானிலைச் செயலியில் ஊர்ப்பெயரைத் தட்டிவிட்டு அந்த எண்ணை அப்படியே நம்புவது சமவெளிக்குச் சரி. முக்திநாத்துக்கு ஏறிப்போகும் காளி கண்டகி ஆற்றுப் பள்ளத்தாக்கில் சரிவராது. ஒருபக்கம் 8,167 மீட்டர் தௌலகிரி, மறுபக்கம் 8,091 மீட்டர் அன்னபூர்ணா, நடுவில் 2,700 மீட்டரில் ஜோம்சோம் ஊர். கணிப்பு மாதிரிகள் நிலத்தை ஒன்பது, பத்து கிலோமீட்டரும் அதற்கு மேலும் அகலமுள்ள கட்டங்களாகப் பிரிக்கின்றன. ஒரு கட்டத்துக்குள் பள்ளமும் சிகரமும் சேர்ந்து ஒரு சராசரி உயரமாகிவிடும்.

செயலி எந்த உயரத்துக்குக் கணக்கிட்டிருக்கிறது என்று முதலில் பாருங்கள். பல செயலிகள் அதைக் காட்டும். முக்திநாத் சுமார் 3,750 மீட்டர். செயலி 4,600 மீட்டர் என்று காட்டினால் வித்தியாசம் 850 மீட்டர். ஆயிரம் மீட்டருக்கு 6.5 டிகிரி என்ற சராசரிக் கணக்கில், செயலி உண்மையைவிட ஐந்தரை டிகிரி கூடுதல் குளிரைக் காட்டுகிறது. நேர்மாறாக, போகும் வழியில் தாழ்வில் உள்ள பொக்காரா நகரின் எண்ணை வைத்து முக்திநாத்தை ஊகிப்பதும் இதே கணக்குதான். பொக்காரா சுமார் 820 மீட்டர். அங்கே நண்பகலில் 24 டிகிரி என்றால், 2,930 மீட்டர் உயர வித்தியாசத்துக்கு 19 டிகிரியைக் கழியுங்கள். கோயிலில் 5 டிகிரி. வெயிலில் நின்றால் இதைவிடக் கதகதப்பாக இருக்கும், நிழலுக்குள் நகர்ந்த அடுத்த நிமிடம் அந்த 5 டிகிரி தெரியும்.

மழையா பனியா என்பதற்கு உறைமட்டத்தைப் பாருங்கள். வெப்பநிலை சுழியமாகும் உயரம் அது. விழும் பனி உருகுவதற்கு முன் அதற்கும் சுமார் 300 மீட்டர் கீழே வரை வந்துவிடும். எனவே உறைமட்டம் 4,000 மீட்டர் என்று இருந்து, அன்று மழையும் குறிப்பிட்டிருந்தால், முக்திநாத்தில் விழுவது பனி. அளவுக்கு ஓர் எளிய கணக்கு: 1 மில்லிமீட்டர் மழைநீர், 1 சென்டிமீட்டர் பனி. "20 மி.மீ." என்ற எண் சிங்கப்பூரில் ஒரு மதிய இடிமழை. அங்கே கணுக்காலுக்கு மேல் பனி, ஜீப் ஏறாது, கோயில் படிகள் வழுக்கும்.

தெற்கும் வடக்கும் ஒன்றல்ல என்பதையும் மறக்கக்கூடாது. பொக்காராவுக்கு அருகிலுள்ள லும்லேயில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. மலைத்தொடரைத் தாண்டிய ஜோம்சோமில் 300க்கும் குறைவு. பொக்காராவில் மாலை மேகம் மூடி இடித்தால் முக்திநாத்திலும் அப்படித்தான் என்று நினைத்து ஒரு நாளை வீணாக்காதீர்கள். மழை மறைவுப் பகுதி அது. ஆனால் தெற்கே பெய்யும் மழைதான் நீங்கள் ஏறிப்போகும் சாலையை வெட்டும்.

காற்று: கடிகாரம் பார்த்து வருவது

ஜோம்சோம் பக்கத்தில் காற்று பெரும்பாலான நாட்களில் ஒரே நேர அட்டவணையில் வீசும். வடக்கே முஸ்தாங்கின் வறண்ட மேட்டுநிலம் வெயிலில் சூடாகிக் காற்று மேலெழுகிறது. அந்த இடத்தை நிரப்பத் தெற்கிலிருந்து வரும் காற்றுக்கு இருக்கும் வாசல் இரு மலைகளுக்கு இடையிலான அந்தக் குறுகிய பிளவு மட்டுமே. காலை அமைதி, பத்து பதினொன்றுக்குத் தொடங்கி, பிற்பகலில் மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மேல் புழுதியோடு வீசும், பொழுது சாய்ந்தபின் தணியும். வானம் தெளிவாக இருக்கும் நாளில்தான் இது பலமாக இருக்கும்.

பொக்காரா–ஜோம்சோம் சிறுவிமானங்கள் காலையில் மட்டும் பறப்பது இதனால்தான். பறக்கும் நேரம் இருபது நிமிடம்தான், ஆனால் காலை எட்டு மணிக்குப் பொக்காராவில் மூடுபனி இருந்து விமானம் தாமதமானால், மூடுபனி விலகும் நேரத்தில் ஜோம்சோமில் காற்று கிளம்பியிருக்கும். அன்றைய பயணம் அவ்வளவுதான். முதல் விமானத்தில் இடம் வாங்குங்கள்.

காற்றோடு சேர்ந்த குளிர் எண்ணில் தெரிவதைவிடக் கடுமை. 5 டிகிரியில் 40 கிலோமீட்டர் காற்று அடித்தால் உடம்புக்கு மைனஸ் 1. சுழியத்தில் அதே காற்று என்றால் மைனஸ் 7. முன்னறிவிப்பில் வெப்பநிலையையும் காற்றையும் சேர்த்தே படியுங்கள்.

நீராடும் நேரம்

கோயிலுக்குப் பின்னால் 108 நீர்த்தாரைகள், முன்னால் இரண்டு குண்டங்கள். அத்தனையிலும் நனைய வேண்டும் என்றுதான் எல்லோரும் வருகிறார்கள். உச்சியில் விழுவது பனிமலை நீர். கிழக்கே தோரோங் மலை மறைப்பதால் சூரிய உதயத்துக்குப் பிறகும் வெகுநேரம் கோயிலில் வெயில் விழாது. நவம்பரில் விடியற்காலையில் தாரைகளின் கீழுள்ள கல்தளத்தில் சிந்திய நீர் கண்ணாடிபோல் உறைந்திருக்கும். பிரம்ம முகூர்த்தத்தில் நீராட ஆசைப்பட்டு வழுக்கி விழுந்தால், எலும்பு முறிவுக்கு நல்ல மருத்துவம் பொக்காராவில்தான்.

வெயில் தளத்தில் விழுந்தபின், காற்று கிளம்புவதற்கு முன்: பெரும்பாலான நாளில் காலை ஒன்பது முதல் பத்தரை வரை. நீராட உகந்த இடைவெளி அது ஒன்றுதான். பருத்தி வேட்டியும் சேலையும் நீரைக் குடித்து வைத்துக்கொள்ளும், காற்று பட்டதும் உடம்பின் சூட்டை இழுக்கும். ஐந்து நிமிடத்துக்குள் மாற்றிவிட வேண்டும். ஒருவர் நீராட, ஒருவர் உலர்ந்த துண்டும் உடையும் பிரித்து வைத்துக்கொண்டு நிற்கட்டும். தலையை முதலில் துடைத்துக் குல்லாய் போடுங்கள். இதய நோய், உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களும் எழுபதைத் தாண்டியவர்களும் தாரை நீரைத் தலையில் தெளித்துக்கொண்டால் போதும். குளிர்ந்த நீர் திடீரென்று பட்டால் ரத்தக் குழாய்கள் சுருங்கி அழுத்தம் சட்டென ஏறும். காற்று ஏற்கெனவே வீசத் தொடங்கிவிட்டது என்றால் எல்லோரும் தெளித்துக்கொள்ளுங்கள்.

உயரம், சாலை, உபரி நாட்கள்

3,750 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் சுமார் 63 விழுக்காடு. நமது புக்கிட் தீமா உச்சியே 163 மீட்டர்தான். ஒரே நாளில் பொக்காராவிலிருந்து ஏறி முக்திநாத்திலேயே இரவு தங்கும் திட்டத்தை முகவர் கொடுத்தால் மாற்றச் சொல்லுங்கள். ஜோம்சோமிலோ அருகிலுள்ள மார்ஃபாவிலோ ஓர் இரவாவது, முடிந்தால் இரண்டு இரவு தங்கி, காலையில் ஏறி, தரிசனம் முடித்து, தூங்குவதற்குக் கீழே இறங்கிவிடுவது நல்லது. தலைவலி, குமட்டல், தள்ளாட்டம் வந்தால் குளிர் என்று எண்ணி இன்னொரு போர்வை கேட்காதீர்கள். கீழே இறங்குங்கள்.

பொக்காராவிலிருந்து சாலை வழியே ஜோம்சோம் போக எட்டு முதல் பத்து மணி நேரம். வழியிலுள்ள பேனி ஊருக்கு மேலே, குறிப்பாகத் தாத்தோபானிக்கும் லேத்தேக்கும் இடையே, ரூப்சே அருவியை ஒட்டிய பகுதியில் மலைச்சரிவு செங்குத்து, சாலை குறுகல். மழை நின்ற மறுகணம் சாலை பாதுகாப்பாகிவிடாது. ஊறிய மண் வெயில் பட்டுத் தளரும்போதும் கற்கள் உருளும். ஒரே நாளில் 50 மி.மீ.க்கு மேல் பெய்திருந்தால், நின்ற பிறகு ஒரு முழுப் பகலும் கழியட்டும். இரவில் இந்தச் சாலையில் போகவே வேண்டாம்.

பயண நாட்களை இப்படிப் போடலாம். முதல் நாள் சாங்கியிலிருந்து காத்மாண்டு, ஏறக்குறைய ஐந்து மணி நேரம். இரண்டாம் நாள் பொக்காரா. மூன்றாம் நாள் ஜோம்சோம். நான்காம் நாள் அங்கேயே, கக்பேனி வரை மெதுவாகப் போய்வந்து உடம்பைப் பழக்க. ஐந்தாம் நாள் முக்திநாத். ஆறாம் நாள் பொக்காரா. ஏழும் எட்டும் உபரி. ஒன்பதாம் நாள் காத்மாண்டு, பத்தாம் நாள் திரும்புதல். உபரி நாட்களைச் "சும்மா இருக்கும் நாள்" என்று நினைத்து முகவர்கள் முதலில் வெட்டுவார்கள். அதை விட்டுக்கொடுக்காதீர்கள். வானிலை நன்றாக அமைந்தால் பொக்காராவின் ஃபேவா ஏரிக்கரையில் ஓய்வாகக் கழியும். கெட்டால், அந்த இரண்டு நாள்தான் உங்களை ஆபத்தான சாலையில் ஏறவிடாமல் காப்பாற்றும்.

பயணக் காப்புறுதி வாங்கும்போது உயர வரம்பைப் படியுங்கள். சில திட்டங்கள் 3,000 மீட்டருக்கு மேல் நடப்பதை விலக்கிவிடுகின்றன.

என்ன உடுத்துவது

ஒரே கனத்த மேலங்கியைவிட மூன்று மெல்லிய அடுக்கு மேல்: உடம்போடு ஒட்டிய வெப்ப உள்ளாடை, நடுவில் கம்பளி அல்லது ஃபிளீஸ், வெளியே காற்றுப் புகாத மேலங்கி. பகலில் கழற்றவும் மாலையில் போடவும் வசதி. குல்லாய், கையுறை, இரண்டு ஜோடிக் கம்பளிக் காலுறை, புழுதிக்கு முகக்கவசம், கருப்புக் கண்ணாடி, உதட்டுக் களிம்பு. நம் ஊர் ஈரக் காற்றுக்குப் பழகிய தொண்டையும் உதடும் அங்கே ஒரே நாளில் வறண்டு வெடிக்கும். தாகம் இல்லாவிட்டாலும் நாளுக்கு மூன்று லிட்டர் நீர் குடியுங்கள். கைப்பேசியும் கையடக்க மின்கலமும் குளிரில் சீக்கிரம் அணையும், உள்சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

அங்கே போனபின் வானத்தைப் படிப்பது

இணையம் போய்விடும் நேரங்கள் உண்டு. அப்போது இவை உதவும். மேற்கிலிருந்து மெல்லிய நார் மேகம் பரவி, சில மணி நேரத்தில் வானம் பால்போல் வெளுத்து, சூரியனையோ நிலவையோ சுற்றி வட்டம் கட்டினால், ஒரு நாளுக்குள் வானிலை மாறக்கூடும். தௌலகிரியின் உச்சியில் தட்டுக் கவிழ்த்ததுபோல் வழவழப்பான மேகம் நின்றால் உயரத்தில் பலத்த காற்று. பள்ளத்தாக்கின் வழக்கமான காலை அமைதி இல்லாமல் விடியும்போதே தெற்குக் காற்று வீசுவதும், இரவு வழக்கத்தைவிடக் கதகதப்பாக இருப்பதும் ஈரம் வந்துகொண்டிருப்பதன் அடையாளங்கள். கதகதப்பான இரவைக் கண்டு மகிழ்பவர்களே அதிகம்.

உயரம் காட்டும் கைக்கடிகாரம் இருந்தால் அது ஓர் அழுத்தமானி. இரவு படுக்கும்போது காட்டிய உயரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அதே அறையில், மறுநாள் அதே நேரத்தில் 50 மீட்டர் கூடுதலாகக் காட்டினால் நீங்கள் உயரவில்லை, காற்றழுத்தம் நான்கு ஹெக்டோபாஸ்கல் அளவு இறங்கியிருக்கிறது. அது தாழ்வு நெருங்குவதைக் காட்டுகிறது. ஒரே நாளுக்குள் அழுத்தம் இயல்பாகவே கொஞ்சம் ஏறி இறங்கும் என்பதால், வெவ்வேறு நேர எண்களை ஒப்பிட்டு மிரள வேண்டாம். செயற்கைக்கோள் வழி உயரம் காட்டும் கடிகாரத்தில் இது பலிக்காது, அழுத்தத்தை அளக்கும் வகையாக இருக்க வேண்டும்.

இந்த அறிகுறிகளில் இரண்டு சேர்ந்து வந்தால் விடுதிக்காரரிடமும் ஜீப் ஓட்டுநரிடமும் கேளுங்கள். தோரோங் கணவாயை நடந்து கடக்க நினைக்கும் இளைஞர்கள் அன்று மேலே ஏறக்கூடாது. கோயிலுக்கு மட்டும் வந்தவர்கள் தரிசனம் முடிந்திருந்தால் கீழே ஜோம்சோமுக்கு இறங்கி, அங்கேயே நான்கு சுவருக்குள் இருப்பது நல்லது. பாதி மழையில் பேனிச் சாலையில் விரைந்து இறங்குவதைவிட அது எவ்வளவோ மேல்.

திரும்பும்போது ஒன்று. நவம்பர் பிற்பகுதியிலிருந்து காத்மாண்டுப் பள்ளத்தாக்கில் காலை மூடுபனி தொடங்கும், காலை விமானங்கள் மணிக்கணக்கில் தாமதமாகும். பொக்காராவிலிருந்து காலையில் பறந்து வந்து அன்றே சிங்கப்பூர் விமானத்தைப் பிடிக்கும்படி சீட்டு வாங்காதீர்கள். முந்தைய நாள் இரவே காத்மாண்டில் இருங்கள்.